புறங்கை முத்தம்

'சீ' என்ற சொல்லை நான் தொழிலுக்காக எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். மாமியார் சொல்லும் சீ, காதலி சொல்லும் சீ, சாக்கடையில் கால் வைத்தவள் சொல்லும் சீ. இருபத்தாறு வருடமாக டப்பிங் பேசுகிறவள் நான். அன்று மத்தியானம் ஒலிப்பதிவு அறையில் என் வாயிலிருந்து வந்த சீ மட்டும் எந்தப் படத்துக்கும் பேசாதது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெளிநாட்டு ஆம்புலன்ஸ் தொடர். ஒன்பது வருடமாக ஓடுகிறது. வண்டி ஓட்டுகிறவள் ஒருத்தி, பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து ஊசி போடும் நர்ஸ் ஒருத்தி. இரண்டு பேரும் உயிர்த் தோழிகள். சண்டை போடுவார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒருத்திக்கு ஒன்று என்றால் இன்னொருத்தி செருப்புகூடப் போடாமல் ஓடி வருவாள். தமிழில் டிரைவருக்கு என் குரல். நர்ஸுக்குக் கிளியின் குரல். கிளி என்பது ஸ்டூடியோவில் அவளுக்கு வைத்த பெயர். ஐம்பத்து மூன்று வயதிலும் குரல் அப்படி. எனக்கு வைத்த பெயர் இடி. காரணம் கேட்க வேண்டாம்.

டிரைவர் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். யாருக்கும் மசிய மாட்டாள். எந்த மனுஷனிடமும் தலை குனிய மாட்டாள். என்னைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று நான் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

முதல் ஆறு வருடம் நானும் கிளியும் ஒரே மைக்குக்கு முன்னால் தோளோடு தோள் நின்று பேசினோம். கடைசி மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சே இல்லை. அவள் காலையில் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போவாள். நான் மத்தியானம் வருவேன். 'நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்' என்று காலையில் அவள் பேசிவைத்தது ஹெட்போனில் கேட்கும். அதற்கு நான் மத்தியானம் தொண்டை அடைத்துப் பதில் சொல்வேன். அதைப் பார்த்து ஊரே உருகியது. நட்புன்னா இப்படி இருக்கணும் என்று கடிதம் எழுதினார்கள். எனக்குச் சிரிப்பாக வரும்.

அன்று என் பங்கு முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டி உள்ளே வரச் சொன்னார். அவருக்குக் காது என்று பெயர். யார் மூச்சு எது என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

"அக்கா, ரெண்டு சேதி. ஒண்ணு, கிளியக்கா இந்த மாசத்தோட நிறுத்துறாங்க. மகன்கிட்டயே போய் இருக்கப் போறாங்களாம். திரும்பி வர்ற எண்ணம் இல்ல."

"போகட்டும்" என்றேன். என்ன பெரிய இழப்பு என்ற தோரணையில்தான் சொன்னேன். ஆனால் கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் போய்விட்டால் காலையில் விட்டுப்போகும் அந்தக் குரலும் இருக்காது. வேறு யாரோ ஒருத்தி நர்ஸாகப் பேசுவாள். அதோடு எங்கள் கதை முடிந்துபோகும். அவளா வந்து பேசட்டும் என்று நான் மூன்று வருடமாகக் கட்டிக் காத்த வீம்பு மட்டும் என்னிடம் மிஞ்சும்.

"ரெண்டாவது என்ன?"

காது தலையைச் சொறிந்தார். "கோபப்படக் கூடாது. இணையத்துல போட்டிருக்காங்க. என் மச்சினி அனுப்பினா. கேக்காம இருந்தாலும் நல்லதுதான்."

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிற ஆளா நான்?

இப்படி ஒரு உலகம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தொடரைப் பார்க்கிறவர்கள் அதில் வருகிற ஆட்களை எடுத்துக்கொண்டு தாங்களே கதை எழுதிப் போடுகிறார்களாம். எங்கள் தொடரை வைத்து எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கதைதான். டிரைவரும் நர்ஸும் தோழிகள் இல்லை, காதலர்கள். ஆம்புலன்ஸில் காதல், ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் காதல், கதவைச் சாத்திக்கொண்டு மற்றது. ஒரு தட்டில் சாப்பிட்டால் அதற்கு ஒரு அர்த்தம், தோளில் சாய்ந்தால் அதற்கு ஒரு அர்த்தம். நாட்டில் இரண்டு பேர் சும்மா நட்பாக இருக்கவே கூடாதா? எழுத்தில் இருந்தவரை என் வரைக்கும் வரவில்லை. இப்போது ஒரு புண்ணியவதி, எங்கள் குரலைத் தொடரிலிருந்து வெட்டி வெட்டி ஒட்டி, நாற்பது நிமிட ஒலிக்கதையாகவே ஆக்கியிருக்கிறாள்.

காது அதை ஓடவிட்டார். முதல் பத்து நிமிடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கதவு சாத்துகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம் என் மூச்சு.

"இது ஸ்ட்ரெச்சர் தூக்குற சத்தம்க்கா" என்றார் காது, மெல்ல. "ரெண்டாவது சீசன். நூத்திருபது கிலோ ஆளு."

ஆமாம். மாடிப்படியில் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற காட்சிக்காக, நான் ஒரு நாற்காலியை நிஜமாகவே தூக்கிக்கொண்டு முக்கினேன். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த முக்கலையும் முனகலையும் எடுத்து அவள் படுக்கையில் போட்டிருக்கிறாள். என் இடுப்பு வலி அங்கே சரசமாக மாறியிருந்தது. கருமம்.

பிறகு ஒரு முத்தம். ஒன்றா, ஏழெட்டு. டப்பிங்கில் முத்தச் சத்தம் வேண்டுமென்றால் நாங்கள் யாரை முத்தமிடுவோம்? எங்கள் புறங்கையைத்தான். டிரைவர் தன் அக்கா மகளைக் கொஞ்சுகிற காட்சிக்காக என் இடது கையில் நானே உம்மா உம்மா என்று கொடுத்துக்கொண்டது அது. காலையில் பூசிய தைலத்தின் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுத்த முத்தம் எங்கே வந்து விழுந்திருக்கிறது பாருங்கள். என்னை அறியாமல் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"போதும், நிறுத்துங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓர் அழுகை கேட்டது.

பொம்பளை அழுகையில் நான் கைதேர்ந்தவள். ஆனால் ஹெட்போனில் கேட்டது நான் அழுத அழுகை இல்லை, எனக்கு வந்த அழுகை. மூக்கு உறிஞ்சுகிறது, விக்கல் வருகிறது, அசிங்கமாக இருக்கிறது. அதன்மேல் கிளியின் குரல்: "யாரு போனா என்னடி? நான் இருக்கேன்ல. இங்க பாரு. என்னப் பாரு."

இது எந்த எபிசோடிலும் இல்லை. என் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன மறுநாள், வீட்டில் உட்கார முடியாமல் நான் வேலைக்கு வந்தேன். பாதி வசனத்தில் உடைந்துவிட்டேன். கிளி என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மைக் திறந்தே இருந்தது. அன்று என்னை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது அந்த நாலு வார்த்தை. அதைத்தான் இந்தக் கதையில் ஆடை அவிழ்ந்த பிறகு பேசும் பேச்சாக ஒட்டியிருக்கிறாள்.

அப்போதுதான் அந்தச் 'சீ' வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். குடித்த தண்ணீர் அத்தனையும் வெளியே வந்தது. என் உடம்பை யாரோ தூக்கத்தில் தடவிவிட்டுப் போன மாதிரி இருந்தது. முகத்தைக் கழுவி, கழுத்தைக் கழுவி, கையை முழங்கை வரைக்கும் கழுவினேன். போகவில்லை.

திரும்பி வந்து ஒலிப்பதிவாளரைப் பிடித்துக்கொண்டேன். "தொடர்ல வராதது இவளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நீங்க பேசினது அத்தனையும் வெட்டாம நான் ரெண்டே ரெண்டு பென் டிரைவ்லதான் போட்டேன். நூறாவது எபிசோடு அன்னிக்கு, ஞாபகார்த்தமா. உங்களுக்கு ஒண்ணு, கிளியக்காவுக்கு ஒண்ணு. இங்க இருந்த டிஸ்க்கு அடுத்த வருஷமே செத்துப்போச்சு."

என்னுடையது என் பீரோவில், வளையல் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் கணக்கு நேராக இருந்தது. போகிற போக்கில் என் மானத்தை வாங்கிவிட்டுப் போகிறாள் கிளி. அவளுக்குக் காரணமும் இருந்தது. அது என்ன என்பதை வழி நெடுக நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அவள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. நான் படியேறி அவள் கதவைத் தட்டியபோது எனக்கு வந்த மூச்சு, ஸ்ட்ரெச்சர் தூக்குகிற அதே மூச்சு. அதைக் கேட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தது. கிளி. தலைமுடி முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. கையில் பெட்டி ஒட்டுகிற டேப். பின்னால் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மூன்று வருடத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். நலமா என்றா கேட்டேன்?

"உனக்கு வெக்கமா இல்லையாடி?" என்றேன். "என் அழுகைய எடுத்து ஊர்க்காரிகிட்டக் குடுத்திருக்கியே. நான் உனக்கு ஆயிரம் பண்ணியிருப்பேன், அதுக்காக இப்படியா? நீ எல்லாம் ஒரு மனுஷியா?"

அவள் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். தொழில் பழக்கம், எதிராளி வசனம் முடிகிற வரைக்கும் காத்திருப்பாள். முடிந்ததும் உள்ளே போனாள். ஒரு பெட்டியைத் திறந்து கிளறி, சின்ன காகித உறை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மேலே காதின் கையெழுத்து: 'கிளியக்காவுக்கு, நூறுக்கு'. உறையின் வாயில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ஒட்டியிருந்தது.

"பிரிக்கவே இல்ல" என்றாள். "நாம பேசினத நான் எதுக்குத் திரும்பக் கேக்கணும்? நீதான் பக்கத்துலயே நின்னியே. அப்புறம் கேக்கப் பிடிக்கல. உன்னோடது எங்க?"

"பீரோவுல இருக்கு."

"பீரோவ விட்டு வெளிய போனதே இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரே ஒரு நாள் போயிருந்தது.

எங்கள் தெரு முனையில் ஒரு மருந்துக் கடை. அங்கே இருப்பவள் நாற்பது வயதுக்காரி, வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, ரொம்ப மரியாதையான பெண். ஒருநாள் தொண்டைக்கு மாத்திரை கேட்டேன். அவள் பில் போடுவதை நிறுத்திவிட்டு, "மேடம், நீங்க... ஆம்புலன்ஸ் டிரைவர்தானே?" என்றாள். எங்களைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எங்கள் முகம் யாருக்கும் தெரியாது. அவள் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "உங்க மூச்சுகூட நடிக்குது மேடம்" என்றாள். நான் அப்படியே குளிர்ந்துபோனேன். அடுத்த வாரம் நானே வலியப் போய் அந்தப் பென் டிரைவைக் கொடுத்தேன். "வெளிய வராததெல்லாம் இருக்கு, ஒரு நாள் வெச்சுக் கேட்டுட்டுக் குடுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். மறுநாள் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள், ஒரு டப்பா மாத்திரையும் சும்மா கொடுத்தாள். அதில் என்னென்ன இருக்கிறது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். "மருந்துக் கடைக்காரிக்கு. என்னப் புகழ்ந்தா. குடுத்துட்டேன்."

மறுபடியும் சீ என்று இருந்தது. இந்தத் தடவை அந்தப் பெண்ணை நினைத்து இல்லை.

கிளி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "நீ முழுசாக் கேட்டியா?"

"உனக்குத் தெரியுமா அது?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரெண்டு மாசமாத் தெரியும். முழுசாக் கேட்டியா?"

"பாதியில நிறுத்திட்டேன். வாந்தி எடுத்தேன்."

"எதுக்கு வாந்தி? ரெண்டு பொம்பளைங்கங்கறதுக்கா, உன் அழுகைய எடுத்ததுக்கா?"

இப்படி முகத்துக்கு நேரே அவள் ஒருத்தியால்தான் கேட்க முடியும். யோசித்தேன். "முத்தம் வர்ற வரைக்கும் மொதல் காரணம். அப்புறம் ரெண்டாவது. மொதல் காரணம் இப்போ பெரிசாத் தெரியல."

"எனக்கும் அந்த நடுப்பகுதி பிடிக்கல. சீன்னு இருக்கு. என் குரல்ல என்னைக் கேக்காம என்னத்தையாவது பேச வெச்சா எனக்கு மட்டும் இனிக்குமா? ஓட்டிவிட்டுடுவேன். கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் கேப்பேன். தெனமும்."

தினமுமா? நான் எதுவும் கேட்பதற்குள் அவள் போனை எடுத்து, விரலால் தள்ளி, கடைசிக்குக் கொண்டுபோனாள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் போனை வைத்தாள்.

கதையில் விடிந்துவிட்டது. பறவைச் சத்தம். டிரைவர் பேசுகிறாள், என் குரலில்: "நான்... உனக்கு... பண்ணினது... தப்பு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு இடத்து எதிரொலி, ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல் இளித்தது. கடைசியாக ஒரே ஒரு சொல், முழுசாக, ஈரமாக: "மன்னிச்சிடு."

கிளி போனை நிறுத்தினாள்.

"'நான்' மொத சீசன். 'பண்ணினது' நீ மெக்கானிக்க திட்டினப்போ சொன்னது. 'மன்னிச்சிடு' எங்க இருந்து எடுத்திருக்கான்னு தெரியுதா?"

தெரிந்தது. தொடர் மொத்தத்திலும் டிரைவர் ஒரே ஒரு தரம்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஒரு நாய்மேல் மோதிவிடும். அவள் இறங்கி ஓடிப்போய் ரோட்டில் உட்கார்ந்து அதன் காதில் சொல்வாள்.

"நாய்கிட்ட சொன்னதுடி அது" என்றாள் கிளி. "எந்த எபிசோடு, எத்தனாவது டேக்குன்னு எல்லாம் எனக்குத் தெரியும். அன்னிக்கு நான்தான் பக்கத்துல நின்னேன். யாரோ ஒருத்தி மருந்துக் கடையில ஒக்காந்துக்கிட்டு, நாய்க்குச் சொன்னத வெட்டி எனக்கு ஒட்டிக் குடுத்திருக்கா. மூணு வருஷத்துல உன் வாயில இருந்து எனக்குக் கெடைச்சது அவ்வளவுதான். அதத்தான் தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தேன். இதுக்கு நீ வாந்தி எடு."

இனி அந்தக் காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் புதிய தொடர் ஒன்று வந்தது. கதாநாயகிக்குக் கிளியைப் பேச வைப்பதாக இருந்தார்கள். அவள் உள்ளே மைக் முன்னால் நின்றிருந்தாள், நான் வெளியே காதின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டைரக்டர் அம்மா என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "கிளிக்குக் குரல் தளர்ந்துபோச்சு, மூச்சு வாங்குது, சின்னப் பொண்ணு யாரையாவது போடுங்க" என்றேன். வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரோடு பேச அந்த மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அதன்மேல் என் முழங்கை இருந்தது. நான் சொன்ன அத்தனையும் ஹெட்போன் வழியாக அவள் காதுக்கே போய்விட்டது. கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தாள். மீதி வசனத்தை ஒரு பிசிறில்லாமல் பேசி முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

"மன்னிச்சிடு கிளி" என்றேன்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது டிரைவர் குரல். நெஞ்சுலேர்ந்து கொண்டுவர்ற. அவமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நீ சொல்லு."

மறுபடி முயன்றேன். வந்தது வேறொரு குரல், ஏதோ படத்தில் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தது. அவள் கேட்பதற்கு முன்னால் எனக்கே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேருடைய மன்னிப்பைப் பேசியிருக்கிறேன். அத்தனை குரலும் வரிசையாக வந்து நின்றன, என்னுடையதைத் தவிர. என்ன ஜென்மம் நான் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"உன் குரல் தளரலடி" என்றேன் கடைசியில். "ஒரு இழை தளரல. எனக்கு வயசாச்சு, உனக்கு ஆகல. பொறாமை. தெரிஞ்சேதான் சொன்னேன். பொத்தான்மேல கை பட்டது மட்டும்தான் தெரியாது. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு."

மெல்லிய, மூக்கால் பேசுகிற, கீச்சென்ற குரல். நடுவில் உடைந்து, எச்சில் விழுங்குகிற சத்தத்தோடு வந்தது. ஸ்டூடியோவில் இப்படிப் பேசியிருந்தால் காது என்னை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்.

கிளி ரொம்ப நேரம் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த உறையை வாங்கி, திறந்திருந்த பெட்டிக்குள் போட்டாள்.

"மன்னிச்சேன்னு நான் சொல்லல" என்றாள். "எனக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பாப்போம். நீ மொதல்ல அந்த மருந்துக் கடைக்குப் போ. உன் அழுகைய எடுக்கச் சொல்லு, நான் உனக்குச் சொன்னதையும் எடுக்கச் சொல்லு. அது நம்மோடது." குனிந்து பெட்டியின் மூடியைச் சேர்த்துப் பிடித்தாள். "அந்த நாய்க்குச் சொன்னதையும் எடுத்துடச் சொல்லு. இனிமே எனக்கு அது வேண்டாம்."